முதலில் பணம், பிறகு பரீட்சை: ஒரு குடும்பத்தின் எல்சாட் அனுபவம்

இது ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிகழ்வு. சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவருக்கு ஓய்வு நேரத்தில் வழிகாட்டும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். மாணவியும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். எல்சாட் (LSAT) என்ற சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கான இணையவழிப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எங்களிடம் வருகிறது. அதற்கு ஆம், இல்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒருவருடைய கதையை முழுவதும் பார்ப்பது பயன் தரும்.

பின்னணி

மாணவி 2023 இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, உயிரியல் துறை. சனி ஞாயிறுகளில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தந்தை தொழிற்சாலையில், தாய் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில். வீட்டில் இவருக்குக் கீழே இரண்டு தம்பிமார். குடும்பத்தில் சட்டம் படித்தவர் யாரும் இல்லை.

ஒன்ராறியோவில் சட்டக் கல்லூரிகள் எட்டு. எல்லாவற்றுக்கும் ஓல்சாஸ் என்ற ஒரே விண்ணப்ப முறைதான். ஆங்கிலவழிப் படிப்புக்கு எல்சாட் புள்ளி வேண்டும். (கியூபெக்கில் மெக்கில் பல்கலைக்கழகம் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் இவருக்கு வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடம்தான் தேவைப்பட்டது.) விண்ணப்ப முடிவுத் திகதி நவம்பர் தொடக்கம். 2025 செப்டம்பரில் சேர்வதே திட்டம் என்பதால் 2024 ஒக்ரோபருக்குள் பரீட்சையை முடித்துவிட நினைத்தார்.

எல்சாட் 120 முதல் 180 வரை புள்ளி தரும் பரீட்சை. அதில் சட்ட அறிவைச் சோதிக்கும் கேள்விகள் கிடையாது. தர்க்கம், வாசிப்பு இரண்டும்தான். மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லாத பரீட்சை என்பதாலேயே நம் வீடுகளில் அதைப் பற்றிப் பயம் கூட. பாடப்புத்தகம் இல்லை என்றால் ரியூஷன் இருக்க வேண்டும் என்பது நம்மவர் கணக்கு.

ஜனவரி: பாடநெறி வாங்கியது

குடும்பம் எங்களிடம் வந்தபோது பணம் கட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு பெரிய பயிற்சி நிறுவனத்தின் நேரடி இணையவழிப் பாடநெறி அது. விலை 1,500 அமெரிக்க டொலருக்குச் சற்றுக் குறைவு, கனடிய டொலரில் ஏறக்குறைய 2,000. பணத்தைத் திரும்பப் பெறும் கால அவகாசம் முடிந்துவிட்டது.

யோசனை நியூ ஜேர்சியில் இருக்கும் தாய்மாமனுடையது. அவருடைய மகன் அதே போன்ற ஒரு பாடநெறி எடுத்து, நல்ல புள்ளி பெற்று, கட்டணத்தில் பெரும் பகுதி புலமைப்பரிசிலாகக் கிடைத்துப் படிக்கிறார். "அத்தான், இதில காசைப் பார்க்காதேங்கோ, பத்து மடங்கா திரும்பி வரும்" என்று அவர் தொலைபேசியில் சொன்னதைத் தந்தை எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

மாமா சொன்னது பொய்யல்ல. ஆனால் அது அமெரிக்காவுக்குரிய கணக்கு. அங்கே கல்லூரிகளின் தரவரிசையில் மாணவரின் இடைநிலை எல்சாட் புள்ளிக்கு இடமுண்டு. அதனால் உயர்ந்த புள்ளி உள்ளவரை இழுக்கக் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைத்துத் தருகின்றன. இரண்டு மூன்று புள்ளி கூடினாலே பல்லாயிரம் டொலர் மிச்சமாகலாம். ஒன்ராறியோவில் உதவித்தொகையின் பெரும் பகுதி குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்தே வருகிறது. எல்சாட் புள்ளி இங்கே இடம் வாங்கித் தரும், கட்டணத்தைப் பெரிதாகக் குறைக்காது. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களோ அமெரிக்கச் சந்தையை நோக்கி எழுதப்பட்டவை.

வாங்க வைத்த இன்னொன்று, "புள்ளி உயராவிட்டால் பணம் திரும்ப" என்ற உறுதிமொழி. நிபந்தனைகளை நாங்கள் வாசித்துப் பார்த்தோம். எல்லா நேரடி வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், கொடுத்த வீட்டு வேலை முழுவதும் முடித்திருக்க வேண்டும். வகுப்புகளில் ஒன்று ஞாயிறு பிற்பகல். மருந்துக் கடை வேலை நேரமும் அதுவே. முதல் மாதத்திலேயே உறுதிமொழி செல்லாமல் போயிற்று.

முதல் பரீட்சையில் தெரிந்தவை

பணம் கட்டியிருந்தும் மாணவி அதுவரை ஒரு முழு மாதிரிப் பரீட்சைகூடச் செய்து பார்க்கவில்லை. முதலில் அதைச் செய்யச் சொன்னோம். பரீட்சையை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் சில பழைய பரீட்சைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரம் வைத்துச் செய்ததில் புள்ளி 149.

அந்தத் தாளில் நாங்கள் கவனித்தவற்றில் முதலாவது, அவர் விடை குறிக்காமல் விட்ட கேள்விகள். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் நான்கைந்து வெறுமையாக இருந்தன. பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறார். எல்சாட்டில் வெட்டுவதில்லை. ஐந்து தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது தர்க்க விளையாட்டுப் பகுதி. "ஏழு பேர், ஐந்து நாள், இவர் அவருக்கு முன்னால் பேச வேண்டும்" என்ற வகைப் புதிர்கள். நான்கு புதிரில் இரண்டைத்தான் தொட்டிருந்தார். முறையாகப் பழகினால் வேகமாக முன்னேறக்கூடிய பகுதி அது என்பது எல்சாட் எழுதியவர்களுக்குத் தெரியும். காணொளிப் பாடங்கள் உண்மையில் உதவுவதும் இங்கேதான். வரைபடம் கீறும் முறையை ஒருவர் செய்து காட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பகுதியின் ஆயுள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. மிச்சிகனில் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கு 2019இல் சமரசமாக முடிந்தபோது, படம் கீறித் தீர்க்கும் இந்தப் பகுதிக்கு நான்கு ஆண்டுகளுக்குள் மாற்று வழி காண எல்சாக் ஒப்புக்கொண்டது. 2024 ஓகஸ்ட் பரீட்சையிலிருந்து விளையாட்டுப் பகுதி இருக்காது, அதற்குப் பதிலாக இரண்டாவது தர்க்க நியாயப் பகுதி (சிறு வாதங்களை ஆராயும் கேள்விகள்) வரும் என்று 2023 ஒக்ரோபரில் அறிவித்தும் விட்டது. குடும்பம் பாடநெறி வாங்கியது அதற்குப் பிறகுதான். வாங்கிய பாடநெறியின் பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விளையாட்டுகள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். கோடையில் புதிய பாடங்கள் சேர்க்கப்படும், பணத்தில் கழிவு தர முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஜூனா, ஓகஸ்டா

முதல் பெரிய தீர்மானம் இது. ஜூன் மாதமே விளையாட்டுகள் உள்ள கடைசிப் பரீட்சை. ஜூனில் எழுதினால் பணம் கொடுத்த பாடங்கள் வீண் போகாது, வேகமாக உயரக்கூடிய பகுதியும் கையில் இருக்கும். தந்தை இந்தப் பக்கம் நின்றார். காசு கட்டியாயிற்று, பயன்படுத்தாமல் விடுவதா என்பது அவர் வாதம்.

நாங்கள் ஓகஸ்ட் என்றோம். மாணவிக்கு ஏப்ரலில் பல்கலைக்கழகப் பரீட்சைகள். ஒன்ராறியோக் கல்லூரிகள் பட்டப்படிப்புப் புள்ளியை எல்சாட்டுக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிடக் கூடுதலாகப் பார்க்கின்றன. எல்சாட்டுக்காக அதைக் கெடுப்பது நட்டம். அதோடு, ஜூனில் புள்ளி போதாமல் போனால் மறுபடி எழுதும் பரீட்சை வேறு அமைப்பில் இருக்கும். விளையாட்டுக்குச் செலவிட்ட மாதங்கள் அடுத்த தடவைக்கு உதவா. கட்டிய பணம் எந்தப் பக்கம் போனாலும் திரும்பாது, ஆகவே தீர்மானத்தில் அதைச் சேர்க்காமல் மிச்சமிருக்கும் மாதங்களை மட்டும் எண்ணும்படி தந்தையிடம் சொன்னோம். மாணவி ஓகஸ்டைத் தெரிவு செய்தார். இதே நிலையில் விளையாட்டுகளை இயல்பாகவே நன்றாகச் செய்யும் ஒருவர் வந்திருந்தால் ஜூன் என்றுதான் சொல்லியிருப்போம்.

ஏப்ரல் வரை நடந்தது

மாணவி பாடநெறியை விட்டுவிடவில்லை. தர்க்க நியாயப் பாடங்கள் எல்லாவற்றையும் பார்த்தார், அழகான குறிப்புகள் எழுதினார். எந்தக் கேள்வியைக் காட்டினாலும் அது என்ன வகை என்று உடனே சொல்வார். ஏப்ரல் முடிவில் விளையாட்டுகள் இல்லாத அமைப்பில் எழுதிய மாதிரிப் பரீட்சையில் புள்ளி 152. மூன்று புள்ளி ஏற்றம். அதில் ஒரு பங்கு வெறுமையாக விடாமல் எல்லாவற்றையும் குறித்ததால் வந்தது.

இந்த முறை, விடையைப் பார்க்குமுன் சந்தேகமான கேள்விகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி செய்யச் சொன்னோம். எல்சாட் எழுதுவோர் நடுவே பழகிப்போன முறை இது. மறுபார்வைப் புள்ளி 161 வந்தது. ஒன்பது புள்ளி இடைவெளி.

இந்த இடைவெளியே எங்களுக்கு வழிகாட்டியது. இரண்டாம் பார்வையில் எவரும் கொஞ்சம் கூடவே எடுப்பார் என்பதைக் கழித்தாலும், கருத்து விளங்காத பிள்ளைக்கு இவ்வளவு உயராது. இன்னும் பாடம் கேட்பதால் தீரும் குறை அல்ல. அவர் தடுக்கிய இடங்கள் இரண்டு.

ஒன்று நேரம். 35 நிமிடத்தில் 25 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. இவர் நடுவில் வரும் கடினமான ஒன்றோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசி ஐந்தை வாசிக்காமலே குறித்தார். அந்த ஐந்தில் இரண்டு மூன்று சுலபமானவை.

மற்றது ஊகக் கேள்விகள். ஒரு வாதத்துக்கு அவசியமான ஊகம் எது என்றும் போதுமான ஊகம் எது என்றும் தனித்தனியாகக் கேட்பார்கள். நாங்கள் அவருக்குச் செய்து காட்டிய உதாரணம் இது: "புதிய பேருந்து வழி தொடங்கிய பிறகு நூலகத்துக்கு வருவோர் கூடினர். ஆகவே பேருந்து வழிதான் காரணம்." இந்த வாதம் நிற்க வேண்டுமானால், அதே காலத்தில் நூலகத் திறப்பு நேரத்தை நீட்டியதால் கூட்டம் கூடவில்லை என்பது அவசியம். அதை மறுத்துப் பாருங்கள், வாதம் விழும். ஆனால் அது மட்டும் வாதத்தை நிறுவிவிடாது, வேறு காரணங்கள் இருக்கலாம். "இந்தப் பேருந்து வழியைத் தவிர வேறெதனாலும் நூலகத்துக்கு வருவோர் தொகை கூட முடியாது" என்பது போதுமான ஊகம். வாதத்தை அது முழுதாக நிறுவும், ஆனால் வாதத்துக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையில்லை. மாணவிக்கு இந்த வேறுபாடு பாடமாகத் தெரியும். மணி ஓடும்போது பெரிய, பலமான கூற்றைக் கண்டதும் கை அங்கே போய்விடுகிறது. அவசியமான ஊகத்தைக் கேட்ட கேள்விகளில் அவர் விட்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மே முதல் ஓகஸ்ட் வரை

மேயில் காணொளிகளை நிறுத்தினோம். லாஹப்பின் முழு உறுப்புரிமையை மட்டும் எடுக்கச் சொன்னோம். ஆண்டுக்கு 120 அமெரிக்க டொலர் அளவு, உண்மையாக முன்பு நடந்த பரீட்சைகள் பல டசின் அதில் உண்டு. எந்தப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தாலும் அந்த உண்மைக் கேள்விகளைத் திறக்க இந்த உறுப்புரிமை வேண்டும். கேள்விகளுக்கு உரிமை எல்சாக்குடையது. 2,000 டொலர் கட்டியவருக்கு அதற்கு மேல் இதுவும் செலவு என்பது விலைப் பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

கட்டண விலக்குக்கும் அப்போதுதான் விண்ணப்பித்தார்கள். வருமானம் குறைந்தவருக்கு எல்சாக் தரும் விலக்கில் பரீட்சைக் கட்டணத்தோடு லாஹப் உறுப்புரிமையும் சேர்ந்து வரும். அந்த விலக்கைக் காட்டினால் சில பயிற்சி நிறுவனங்கள் பெயரளவுக் கட்டணத்துக்கே பாடநெறியைத் திறந்துவிடுகின்றன. இவர்களுடைய குடும்ப வருமானம் வரம்பைச் சற்றுத் தாண்டியிருந்ததால் கிடைக்கவில்லை.

பயிற்சி முறை எளிமையானது. கிழமைக்கு ஒரு முழுப் பரீட்சை, மற்ற நாட்களில் தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மறுபார்வை. பிழையான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கொப்பியில் இரண்டு வரி: பிழையான விடை என்னை ஏன் இழுத்தது, சரியானது ஏன் சரி. இரண்டாவது வரியை நிறுவனத்தின் விளக்கத்திலிருந்து பார்த்து எழுதக் கூடாது. நேரத்துக்கு ஒரே விதி, இரண்டு நிமிடம் தாண்டினால் எதையாவது குறித்துவிட்டு நகர வேண்டும். முதல் சில கிழமைகள் புள்ளி ஏறவில்லை, ஒருமுறை 150க்கு இறங்கியது. வீட்டில் மனத்தாங்கல். காசு கட்டிய பாடத்தை நிறுத்திவிட்டுக் கொப்பி எழுதச் சொல்கிறார்களே என்று தாய் கேட்டார், நியாயமான கேள்விதான். ஜூலை நடுவில் 156, 158 என்று வரத் தொடங்கியது.

வாசிப்புப் பகுதி கடைசிவரை மெதுவாகவே அசைந்தது. நான்கு பத்தித் தொகுதி, ஒன்றுக்கு ஒன்பது நிமிடம்கூட இல்லை. அறிவியல் பத்திகளில் அவருக்குச் சிரமமில்லை, சட்டமும் கலை வரலாறும் வரும்போது இழுத்தது. இதற்குப் பாடநெறியும் உதவவில்லை, எங்கள் முறையும் அவ்வளவாக உதவவில்லை.

ஓகஸ்ட் முடிவும் ஒக்ரோபரும்

ஓகஸ்ட் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதினார். புள்ளி 157. ஒன்ராறியோவில் 160ஐத் தாண்டினால் பல இடங்களில் வாய்ப்பு உண்டு, 157 ஓரத்தில் நிற்கும் எண். ஐந்து ஆண்டுக் காலப்பகுதியில் ஐந்து தடவை வரை எழுத எல்சாக் அனுமதிக்கிறது. இங்குள்ள பல கல்லூரிகள் உயர்ந்த புள்ளியையே முதன்மையாகப் பார்க்கின்றன. ஆகவே ஒக்ரோபரில் மறுபடி எழுதத் தீர்மானித்தார். பரீட்சைக் கட்டணம் அப்போது ஒவ்வொரு தடவையும் 238 அமெரிக்க டொலராக இருந்தது.

இந்த இரண்டு மாதங்களில் இரண்டு சிறு செலவுகளை நாங்களே பரிந்துரைத்தோம். ஒன்று, மாதம் 70 அமெரிக்க டொலர் அளவில் ஓர் இணையச் சந்தா, இரண்டு மாதத்துக்கு மட்டும். அவருடைய பிழைகளை வகைவாரியாகப் பிரித்துக் காட்டவும், அந்த வகைக் கேள்விகளை மட்டும் எடுத்துப் பயிலவும் அது வசதி. மற்றது, ஒரு தனி ஆசிரியருடன் மூன்று மணி நேரம், மொத்தம் 300 அமெரிக்க டொலர் அளவு. ஆசிரியருக்குக் கொப்பியை முன்கூட்டியே அனுப்பினோம். வாசிப்புப் பத்தியை எழுதியவரின் கருத்தையும், எழுதியவர் எடுத்துச் சொல்லும் பிறர் கருத்தையும் மாணவி கலந்துவிடுகிறார் என்பதை ஆசிரியர் முதல் மணியிலேயே கண்டுபிடித்தார். நாங்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. ஒரு பிள்ளையின் தாளைப் பார்த்துச் சொல்லும் இந்த உதவிக்குத்தான் காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒக்ரோபரில் பரீட்சை மையத்துக்குப் போய் எழுதினார். தம்பிமார் இருக்கும் வீட்டில் ஓகஸ்ட் அனுபவம் அவ்வளவு அமைதியாக இருக்கவில்லை. புள்ளி 162. நவம்பர் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் போயிற்று. ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பியதில் 2025 வசந்தத்துக்குள் இரண்டிலிருந்து இடம் கிடைத்தது. ஒன்றில் சேர்ந்து படிக்கிறார்.

பணம் எங்கே வேலை செய்தது

பெரிய பாடநெறி ஓடிய நான்கு மாதத்தில் மூன்று புள்ளி. அதற்குப் பிறகு, பரீட்சைக் கட்டணம் நீங்கலாக ஏறத்தாழ 560 அமெரிக்க டொலரில், பத்து புள்ளி. இப்படிச் சொன்னால் பாடநெறி வீண் என்று தோன்றும். அது சரியான வாசிப்பு அல்ல. கேள்வி வகைகளின் பெயரும் அடிப்படையும் அங்கே கற்றவைதான், கொப்பி எழுதும்போது அவை இருந்தன. ஏப்ரல் வரை பல்கலைக்கழகப் பாடங்களும் கூடவே ஓடின, கோடையில் அவை இல்லை. இரண்டாம் தடவை எழுதும்போது பயம் குறைவதாலும் இடம் மாறியதாலும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். எது எவ்வளவு என்று ஒரு பிள்ளையின் கதையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

பிரித்துச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அடிப்படைகளை மட்டும் கற்க 2,000 டொலர் தேவைப்பட்டிருக்காது. அவை மலிவான சந்தாவிலும் நூலகப் புத்தகங்களிலும் இருந்தன. கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளம் எல்சாக்குடன் சேர்ந்து நடத்திய இலவசப் பயிற்சியும் அந்த ஜனவரியில் திறந்தே இருந்தது. (2024 நடுப்பகுதியில் அது நிறுத்தப்பட்டது.)

நேரடி வகுப்பு யாருக்கு உதவும் என்றால், தனியாக உட்கார்ந்தால் படிப்பே நடக்காத பிள்ளைக்கு. அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். குறித்த நேரத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகவே வருவார்கள், அவர்களுக்கு அந்தப் பணம் நல்ல செலவு. இந்த மாணவி அந்த வகையல்ல. கடை வேலை அட்டவணையும் இடம் கொடுக்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்களிடம் வருபவர் முதலில் ஓர் இலவசப் பரீட்சையை நேரம் வைத்து எழுதி, பிறகு மறுபார்வை செய்து, இரண்டு புள்ளியையும் கொண்டு வர வேண்டும். இரண்டும் தாழ்ந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாடம் தேவை, மாதச் சந்தாவில் தொடங்கலாம். இடைவெளி பெரிதாக இருந்தால் லாஹப்பும் கொப்பியும், சில மாதம் கழித்துத் தனி ஆசிரியர். கட்டண விலக்குக்கு எல்லோரும் முதலிலேயே விண்ணப்பிக்க வேண்டும், எதையும் வாங்குமுன். மொத்தமாகக் கட்டும் பாடநெறி என்றால் பணம் திருப்பும் நாட்களுக்குள் குறைந்தது இரண்டு வகுப்பும் ஒரு முழுப் பரீட்சையும் முடித்திருக்க வேண்டும். பரீட்சை அமைப்பில் என்ன மாற்றம் வருகிறது என்பதை நிறுவனத்தின் பக்கத்தில் பார்க்காமல் எல்சாக்கின் அறிவிப்பில் பார்க்க வேண்டும். 2026 ஓகஸ்டிலிருந்து வீட்டிலிருந்து எழுதும் வசதியைப் பெரும்பாலும் நிறுத்தி மையங்களுக்கு மாற்றுவதாக எல்சாக் அறிவித்திருக்கிறது. ஆகவே மாதிரிப் பரீட்சைகளையும் நூலகம் போன்ற வெளி இடத்தில் எழுதிப் பழகச் சொல்கிறோம்.

தாயார் மட்டும் எங்கள் கணக்கை ஏற்கவில்லை. அவ்வளவு காசு கட்டியதால்தான் மகள் கோடை முழுவதும் விடாமல் இருந்தாள் என்கிறார் அவர். மகளிடம் கேட்டால் அதை மறுக்கிறார்.